தெற்குக் காற்று கேட்ட போதகர்

கேட்கவே மறந்துபோனார்! ஜார்ஜ் முல்லரின் குறிப்புகளில் என்னைத் துள்ளவைக்கும் இடம் அதுதான். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் தொடங்க நினைத்தவர் வீட்டுக்காக ஜெபித்தார், பணத்துக்காக ஜெபித்தார், ஊழியம் செய்ய ஆட்களுக்காக ஜெபித்தார். எல்லாம் வந்து சேர்ந்தன. 1836 பிப்ரவரியில் விண்ணப்பங்களை வாங்க ஆலயத்து அறையில் உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் ஆயிற்று; ஒருவரும் வரவில்லை. பிள்ளைகளைத் தாரும் என்று மட்டும் ஆண்டவரிடம் அவர் கேட்டிருக்கவில்லை! அன்று மாலையே முழங்காலில் நின்றார். மறுநாள் முதல் விண்ணப்பம் வந்தது.

என் ஆண்டவரே, உமக்குத்தான் எத்தனை விளையாட்டு!

பிரஷ்யாவில் பிறந்து, இளவயதில் திருடி, பதினாறு வயதில் சிறைக்கும் போய்வந்தவர் முல்லர். கிருபை அவரைப் பிடித்த பிறகு போதகரானார். 1830-ல் சம்பளமே வேண்டாம் என்றார். கடன் வாங்குவதில்லை, மனிதரிடம் கேட்பதில்லை என்பது அவர் வைராக்கியம். வாடகை வீட்டில் தொடங்கியது 1870-க்குள் ஆஷ்லி டவுன் மேட்டில் ஐந்து பெரிய கட்டடங்களாகி, இரண்டாயிரம் பிள்ளைகளுக்கு மேல் அங்கே சாப்பிட்டுப் படித்தார்கள்.

1837 முதல் அவர் வெளியிட்டுவந்த அனுபவக் குறிப்புகளைத் தியான நூல் என்று எடுத்தால் முதலில் ஏமாற்றமாக இருக்கும். பக்கம் பக்கமாக ஷில்லிங்கும் பென்னியும்தான். இன்று இத்தனை பென்னி குறைகிறது, ஜெபித்தோம், ஒரு சகோதரி கொண்டுவந்து தந்தார். மறுநாளும் அதே கதை. மளிகைக்கடைச் சிட்டைபோல இருக்கிறதே என்று வாசித்துக்கொண்டு போனவன் ஓரிடத்தில் அழுதுவிட்டேன். சேனைகளின் கர்த்தர் ஒரு பென்னிக்காக இறங்கி வருகிறார்!

இல்லத்தின் ஆண்டறிக்கையை அச்சிடுவதே மறைமுகமாகக் கேட்பதுதானே என்று சிலர் வாதிடலாம். 1841 டிசம்பரில் கையில் காசில்லாத நேரத்தில், அறிக்கையையும் பொதுக்கூட்டத்தையும் வேண்டுமென்றே தள்ளிவைத்தவர் அவர். என் மட்டில் அந்த வாதம் அங்கேயே முடிந்தது.

காலை உணவுக்கு ஒன்றும் இல்லாத நாளில் ரொட்டிக்காரரும் பால் வண்டியும் வந்த கதையைச் சபைகளில் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது 1857 நவம்பர்தான். இல்லத்தைச் சூடாக்கும் பாய்லர் ஒழுகுகிறது. பழுது பார்க்க நெருப்பை அணைக்க வேண்டும். நாள் குறித்தாயிற்று, அதற்குள் வாடைக்காற்று பிடித்துக்கொண்டது. முந்நூறு குழந்தைகள் குளிரில் என்ன செய்வார்கள்? முல்லர் இரண்டே காரியம் கேட்டார்: வாடை தெற்குக் காற்றாக மாற வேண்டும், வேலையாட்களுக்கு மனம் வேண்டும். குறித்த நாளன்று தெற்குக் காற்று வீசியது, நெருப்பே தேவைப்படவில்லை. இரவு நெடுநேரம் வேலை செய்துவிட்டு, அதிகாலையில் மறுபடி வருவார்கள் என்று மேற்பார்வையாளர் சொன்னபோது, விடியவிடிய வேலை செய்கிறோம் என்றார்கள் அந்தத் தொழிலாளிகள். காற்றைத் திருப்புவது உமக்குச் சுலபம், ஆண்டவரே. களைத்த மனிதனின் மனதைத் திருப்பினீரே, அதற்கு ஸ்தோத்திரம்!

முல்லரின் மனைவி மேரியின் அண்ணன் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் இந்தியாவுக்கு ஊழியம் செய்ய வந்தவர். அவரோடு பழகிய நம் தமிழ் ஊழியர் அருளப்பன், மிஷன் சம்பளத்தை நம்பாமல் கிறிஸ்தியான்பேட்டையில் ஊழியம் செய்தார். 1860-ல் திருநெல்வேலிச் சீமையில் மூண்ட எழுப்புதலில் அவர் பெயரைச் சொல்லாமல் முடியாது. அந்த விசுவாசம் கடல் தாண்டி நம் கரிசல் மண்ணிலும் முளைத்தது.

ஜெபத்தைப் பற்றி முல்லர் எழுதியதில் நான் கைக்கொண்டது 1841-ல் அவர் கற்றுக்கொண்ட பாடம். எழுந்தவுடனே ஜெபிக்க முயன்று, மனம் அலைந்து, அரைமணி நேரம் வீணாகும் என்று ஒளிக்காமல் எழுதுகிறார். பிறகு வேதத்தை முதலில் மெல்ல வாசித்து, அதுவே ஜெபமாக மாறும்படி விட்டாராம். காலையில் முதல் வேலை, ஆத்துமா ஆண்டவருக்குள் மகிழ்ச்சியாக இருப்பதுதான் என்கிறார். நானும் அப்படிச் செய்கிறேன். இரண்டு மூன்று வசனங்களுக்குள் நெஞ்சு பொங்கிவிடுகிறது. பாட்டு தானாகக் கிளம்புகிறது. மெதுவாகப் பாடத்தான் நினைக்கிறேன், முடிகிறதா? வீடே எழுந்துகொள்கிறது.