என்ன விலை பெறும்?

வாலாஜாபாத்தில் பாலாற்றங்கரைப் பக்கம் என் நண்பரின் வீடு. அவர் காலமாகி ஒரு வருஷமாகிறது. அவருக்கும் எனக்கும் ஒரே பைத்தியம்: இரவெல்லாம் விழித்திருந்து, முகம் தெரியாத மனிதர்களோடு கம்பியில்லாக் கருவியில் பேசுவது. இருவருமே முறையாக உரிமம் பெற்றவர்கள்.

சென்ற மாதம் அண்ணி சொல்லியனுப்பினார். கூடத்தில் தறி, அதற்கப்பால் மூலையில், வேஷ்டி போர்த்திய ஓர் இரும்புப் பெட்டி.

"பழைய இரும்புக்காரன் எடைக்குக் கேட்கிறான், தம்பி. நீங்கள் விஷயம் தெரிந்தவர். இது என்ன விலை பெறும், சொல்லுங்கள்" என்றார்.

வேஷ்டியை விலக்கினேன். இரண்டாம் உலக யுத்தத்தில் டாங்கிகளில் வைத்திருந்த 'நம்பர் 19' செட்! கனடாவிலும் அமெரிக்காவிலும் செய்து ரஷ்யாவுக்கும் அனுப்பியதால், அதன் முகப்பில் ஆங்கிலமும் ரஷ்ய எழுத்தும் அருகருகே இருக்கும். யுத்தம் முடிந்து ராணுவங்கள் கழித்துவிட்ட இத்தகைய கருவிகளைத்தான் அந்தக் காலத்து அமெச்சூர்கள் தேடிப் பிடித்தார்கள்.

இதற்கு விலை மதிப்பது சுலபமல்ல. முகப்பில் யாராவது புதிதாகத் துளை போட்டிருக்கிறார்களா, வால்வுகள் பதினைந்தும் இருக்கின்றனவா, பாட்டரியோடு இணைக்கும் பவர் யூனிட்டும் ஹெட்போனும் மைக்கும் கூடவே உண்டா என்று பார்க்கவேண்டும். குறுந்தூரம் பேசுவதற்கான 'பி' செட்டைப் பலர் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். அது பிழைத்திருந்தால் மதிப்பு ஏறும். வேலை செய்கிறதா என்று பார்க்க அவசரப்பட்டு மின்சாரம் கொடுக்கவும் கூடாது. கிழண்டுபோன கண்டென்ஸர்கள் மற்றவற்றையும் கெடுத்துவிடும்.

நண்பர் ஒரு திருகைக்கூட மாற்றவில்லை. எல்லாம் இருந்தது. என் நெஞ்சு அடித்துக்கொண்டது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இரும்புக்காரன் விலைக்கு இரண்டு பங்கு கொடுத்து, நன்றியையும் வாங்கிக்கொண்டு, பெட்டியை எடுத்துப் போய்விடலாம் என்று நினைத்தேன். பொய் சொல்ல வேண்டியதே இல்லை. சும்மா இருந்தால் போதும்.

சும்மா இருப்பது குற்றமா?

ரோமாபுரி ஸிஸரோ, கடமையைப் பற்றிக் கி.மு. 44-ல் எழுதிய நூலில் ஸ்கேவோலா என்பவரைச் சொல்கிறார். நிலம் வாங்கப் போனவர், விற்பவர் சொன்ன விலையைக் கேட்டு, "இது இன்னும் அதிகம் பெறும்" என்று லட்சம் நாணயம் கூடுதலாகக் கொடுத்தாராம். நல்லவர்தான், ஆனால் புத்திசாலி அல்ல என்றார்கள் பலர். நல்லவன் வேறு, புத்திசாலி வேறு என்று பிரிப்பதுதான் கேடு என்கிறார் ஸிஸரோ.

நான் கற்ற அறிவு என் முதல்தானே, அதை ஏன் இலவசமாகக் கொடுக்கவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். 1985-ல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டில், பேரம் பேசும் இரு அந்நியர்களுக்கு அந்தக் கேள்வி ஒருவேளை பொருந்தும். ஆனால் அண்ணி என்னிடம் விற்கவில்லை, என்னைக் கேட்டார். கேட்ட கணமே நான் நீதிபதியாகிவிட்டேன். நீதிபதி ஏலம் கேட்கலாமா?

என் மௌனத்தை என்னவென்று நினைத்தாரோ, அண்ணி தாமே பேசினார்: "என் கல்யாணப் புடவையையும் எடைக்குத்தான் போட்டோம். சரிகையில் இருந்த வெள்ளிக்காக எரித்துவிட்டார்கள். கோர்வை போட்டு நெய்தவர் என் அப்பா. நெருப்புக்கு அது தெரியுமா?"

எனக்குச் சுருக்கென்றது. புடவையைப் புரட்டிப் பார்த்தால் எனக்கு ஒன்றும் தெரியாது. பெட்டியைத் திறந்தால் அவருக்கு ஒன்றும் தெரியாது. நாம் எல்லோருமே ஏதோ ஒரு கடைவாசலில் குருடர்கள்தாம். அங்கே கண்ணுள்ளவன் கையைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் உலகத்தில் கொடுக்கல் வாங்கலே நடக்காது.

"அண்ணி, இது இரும்பு விலைக்குப் போடும் சாமான் அல்ல. எனக்கே இதன்மேல் ஆசை. அதனால் என் விலையை மட்டும் நம்பாதீர்கள்" என்றேன். 1933-ஆம் வருஷத்துச் சட்டம் முதற்கொண்டே இத்தகைய கருவிக்கு உரிமம் வேண்டும். ஆகையால் உரிமம் உள்ள நண்பர்கள் சிலருக்கு எழுதி, விலையை அவரிடமே நேராகச் சொல்லச் செய்தேன். நானும் ஒரு விலை எழுதிக் கொடுத்தேன்.

வேறொருவர் என்னைவிட அதிகம் கொடுத்தார். பெட்டி போய்விட்டது, வருத்தந்தான்.

ஆனால் என் மகளுக்காக அண்ணி நெய்த பட்டுப்புடவை சென்ற வாரம் வந்தபோது, அதைப் புரட்டிப் பார்க்கவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.