வீட்டுப் பேச்சும் இரு வம்சத்துப் பிள்ளையும்

தந்தை வழியில் தமிழும் தாய் வழியில் சீனமும் கலந்து பிறந்த பிள்ளைகள் மலேசியாவின் கோல சிலாங்கூர் வட்டாரத்தில் இன்று அபூர்வமல்லர். சிண்டியன் என்று ஊரார் அழைக்கும் அப்பிள்ளைகளுள் என் பேத்தியும் ஒருத்தி. இவர்களிடம் இனத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம், பேசாதிருந்தால் துவேஷம் தானே மறைந்துவிடும் என்று நல்லெண்ணம் கொண்ட பெற்றோர் பலர் நம்புகிறார்கள். என் அபிப்பிராயம் வேறு.

இந்த மௌனம் நமக்குப் புதியதன்று. ஜப்பானியர் ஆட்சிக் காலத்திலும் அதன் பின்னரும், வறுமையாலோ, பெண்மக்கள் மிகுந்துவிட்டதாலோ, பிறந்த ஆண்டின் பலன் குடும்பத்துக்கு ஆகாது என்ற நம்பிக்கையாலோ, சீனக் குடும்பத்தார் சிலர் தம் பெண் சிசுக்களைத் தோட்டத்துத் தமிழரிடம் கொடுத்துவிடுவதுண்டு. பால்மரம் வெட்டி அன்றாடக் கஞ்சிக்கு அல்லாடிய அந்த ஏழைகள், லயத்து ஒற்றை அறையில் தம் பிள்ளைகளுக்கே இடம் போதாத நிலையிலும், அச்சிசுக்களைக் கேள்வி கேளாமல் வாங்கி, மஞ்சள் பூசிக் குளிப்பாட்டி, காது குத்தி, தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பி, உரிய வயதில் வரன் தேடிக் கலியாணமும் செய்து வைத்தார்கள். இதனினும் பெரிய தர்மத்தை நான் எந்தச் சாஸ்திரத்திலும் படித்ததில்லை. ஆயினும், பெற்றவள் யார் என்ற ஒன்றை மட்டும் பல வீடுகளில் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதனால், குழாயடிச் சண்டையில் எவளோ ஒருத்தி ஆத்திரத்தில் வீசிய ‘சீனக்குட்டி’ என்ற வசவே அந்தப் பெண்ணுக்குத் தன் ஜன்மத்தைப் பற்றிய முதற் செய்தியாக வந்து சேர்ந்தது. அன்பு இல்லாமையால் அல்ல, வார்த்தை இல்லாமையாலேயே அது நேர்ந்தது.

இக்காலத்து விண்ணப்பப் பாரங்களில் மலாய்க்காரர், சீனர், இந்தியர், மற்றவர் என்று கட்டங்கள் இருக்கின்றன. எம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தந்தையின் இனமே எழுதப்படுகிறது. சிங்கப்பூரில் 2011 முதல் இரண்டு இனங்களையும் சேர்த்துப் பதிய வழி உண்டு. அமெரிக்கர் தம் 2000-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறிக்க இடமளித்தார்கள். இங்கும் அவ்வாறு வருவது நலமே. ஆனால் பிள்ளையின் மனம் உருவாகுமிடம் பாரமல்ல, வீடே.

ஒருநாள் பள்ளியிலிருந்து வந்த பேத்தி, உடன் படிக்கும் பையன் தன்னைக் ‘கெலிங்’ என்று, இந்தியரை இழிக்கும் சொல்லால், ஏசியதாகச் சொல்லிவிட்டு, “தாத்தா, நான் பாதி சீனத்திதானே, அப்போ பாதியைத்தான் ஏசினானா?” என்று கேட்டாள். சிறுபிள்ளைகள் அப்படித்தான், விட்டுவிடு என்று சொல்ல என் நா எழவில்லை. “முழுசாத்தான் ஏசினான் கண்ணு, தப்பும் முழுசா அவனோடதுதான்” என்றேன். சற்றுநேரம் பேசாதிருந்தவள், “தீபாவளிக்குச் சின்னத்தாத்தா சீனவங்களப் பத்திச் சொன்னாரே, அது?” என்றாள்.

முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த கூடத்தில், காசென்றால் சீனன் எதையும் செய்வான் என்று என் தம்பி சொல்ல, நாலு பேர் சிரித்தபோது, மாவு உருட்டிக்கொண்டு அவளும் அங்கே உட்கார்ந்திருந்தாள். தாய் வீட்டிலோ, வெயிலில் நிற்காதே, அப்பா நிறம் வந்துவிடும் என்கிறார்கள். நம் பெண்டிர், சீனத்தி வயிற்றில் பிறந்ததால் நல்ல சிவப்பு என்று கன்னத்தைக் கிள்ளிப் புகழ்கிறார்கள். ஏச்சிலுள்ள விஷமே அந்தப் புகழ்ச்சியிலும் இருக்கிறது. எந்த வீட்டிலும் அவளுடைய ஒரு பாதியைப் பற்றி மற்றொரு பாதியார் பேசுவது அவள் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. ஆகவே, இனத்தைப் பற்றிப் பிள்ளையிடம் என்ன சொல்வது என்று யோசிக்குமுன், பிள்ளை இருக்கையில் நாம் என்ன பேசுகிறோம் என்பதையே முதலில் திருத்த வேண்டும். தம்பியிடம் இதைச் சொன்னபோது, வேடிக்கைக்குத்தானே என்றான். ஜாதி பார்த்து லயம் பிரித்து வைத்த தோட்டத்தில், பிறர் வேடிக்கையாகச் சொன்ன சொல்லுக்காக நம் தகப்பனார் ஒரு வேளை சோறு உண்ணாமல் கிடந்ததை அவனுக்கு ஞாபகப்படுத்தினேன். அதன்பின் அவன் வாதாடவில்லை.

வீட்டு வாயைத் திருத்திய பிறகுதான் பிள்ளையிடம் பேச நமக்கு யோக்கியதை பிறக்கிறது. அப்போது சொல்வதற்கு இந்த மண்ணிலேயே விஷயம் குவிந்து கிடக்கிறது. புக்கிட் மலாவத்திக் குன்றின் மேல் நின்று, சுலாவெசியிலிருந்து வந்த பூகிஸ் வம்சத்துச் சுல்தான்களையும், 1784-இல் அங்கிருந்த கோட்டையைப் பிடித்த டச்சுக்காரரையும், தஞ்சோங் காராங்கின் சதுப்பைத் திருத்தி நெல் விளைத்த ஜாவானியர், பஞ்சாரியர், சீனரையும் அவளுக்குச் சொன்னேன். 1917-இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே செம்பனை பயிரிட்டு, இந்நாட்டின் முதல் வர்த்தகச் செம்பனைத் தோட்டமாக்கிய தோட்டத்துக்குத் தென்னமரம் என்ற தமிழ்ப்பெயர் இருப்பதைக் கேட்டு வியந்தாள். இவர்கள் எல்லோருக்கும் முன்பே தெமுவான் மக்கள் இங்கே காட்டில் வாழ்ந்தார்கள் என்பதையும் மறைக்கவில்லை.

இவற்றோடு அவளுடைய சொந்தக் கதையும் சேர வேண்டும். என் தகப்பனார் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி வந்த விவரத்தை நான் சொல்லச் சொல்ல அவள் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். செகிஞ்சானிலிருக்கும் அவளுடைய போபோவின், அதாவது தாய்வழிப் பாட்டியின், பெற்றோர் சீனாவில் எந்த ஊரிலிருந்து புறப்பட்டார்கள் என்பது என் மருமகளுக்கே தெரியவில்லை. போபோவுக்கோ வயதாகிவிட்டது. ஆதலால் வரும் பள்ளி விடுமுறையில் பேத்தியைத் தாயோடு அங்கே அனுப்பி, கேட்டதையெல்லாம் அதே நோட்டின் அடுத்த பக்கங்களில் எழுதி வரச் சொல்லியிருக்கிறோம்.