வாலை நம்பாதீர்கள்

வீட்டில் எட்டு வயது தாண்டிய நாய் இருக்கிறதா? சமீபமாக நிறையத் தண்ணீர் குடிக்கிறதா? ராத்திரியில் கூடத்திலேயே ஒன்றுக்குப் போய்விடுகிறதா? அப்படியானால் நாளைக் காலை கால்நடை மருத்துவரிடம் போவது என்று இப்போதே முடிவு செய்யுங்கள். செய்துவிட்டு மேலே படியுங்கள்.

இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம் நான் செய்த ஒரு பாவம். எங்கள் மணிக்கு அப்போது பன்னிரண்டு வயது. பொமரேனியன் என்று சொல்லி விற்கப்பட்ட நம்மூர் ஸ்பிட்ஸ். ஒரு மாசி மாதம் கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தான். விடிந்தால் டைல்ஸ் தரையெல்லாம் ஈரம். "வயசாயிடுச்சு, அடக்க முடியல" என்று வீட்டில் எல்லோரும் ஒருமனதாகத் தீர்ப்பு எழுதினோம். அதற்கு நான் கண்டுபிடித்த வைத்தியம், இரவு ஒன்பது மணிக்குத் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து அலமாரி மேல் வைத்துவிடுவது. காலையில் தரை காய்ந்திருந்தது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

மூன்று வாரம் கழித்து அவன் சோற்றை முகர்ந்துவிட்டு ஒதுங்கினான். வாயில் ஒரு மூத்திர நெடி. ரத்தம் எடுத்துப் பார்த்தால் கிரியேட்டினின் 4.6. மருத்துவர் முதலில் கேட்டது, "தண்ணி தாராளமா வெக்கிறீங்கல்ல?" நான் பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றியதும் 3.4-க்கு இறங்கியது. அதை வைத்து, சிறுநீரக நோயின் நான்கு படிகளில் மூன்றாவது என்றார். இறங்கிய அந்த 1.2-இல் என் அலமாரிக்கு எவ்வளவு பங்கு என்று அவரிடம் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

சிறுநீரகம் கெடத் தொடங்கினால் சிறுநீரைச் சுண்டவைக்கும் சக்தி முதலில் போகிறது. உடம்பின் நீர் அப்படியே வழிந்து இறங்குகிறது. போனதை ஈடுகட்டத்தான் நாய் குடிக்கிறது. குடிப்பதால் போகிறது என்று நான் தலைகீழாகப் புரிந்துகொண்டேன். கிண்ணத்தை ஒளித்து வைக்கும் வீடுகள் இன்னும் எத்தனையோ. தயவுசெய்து இன்றிரவே கீழே இறக்கி வையுங்கள். ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறித் தெரியும் நேரத்துக்குள் சிறுநீரகத்தின் வேலைத் திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போயிருக்கும் என்கிறார்கள். மிச்சமிருக்கும் கால் பங்கைக் காப்பாற்றத்தான் இத்தனை ஓட்டமும்.

எல்லாத் தாகமும் சிறுநீரகத்தால் வருவதில்லை. சர்க்கரை நோயாக இருக்கலாம். கருத்தடை செய்யாத பெண் நாயானால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். சூட்டுக்கு வந்துபோன சில வாரங்களில் தாகமும் வாந்தியும் சோர்வும் தெரிந்தால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். "இந்த வயசுல ஆபரேஷன் தாங்குமா" என்று வீட்டார் கூடிப் பேசும் இரண்டு நாளில் அந்த உயிர் போய்விடும். தாங்குமா என்பதை மயக்க மருந்து கொடுப்பவர் பரிசோதித்துச் சொல்லட்டும். சோபாவில் உட்கார்ந்துகொண்டு நாம் சொல்ல வேண்டாம்.

வயசு ஒரு நோயின் பெயர் கிடையாது. ஆனாலும் எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டிவிடுகிறோம். படி ஏற மாட்டேன் என்கிறதா, வயசு. ராத்திரி தூங்காமல் மூச்சிரைக்கிறதா, வயசு. ஒரே காலை நக்கிக்கொண்டே இருக்கிறதா, அதுவும் வயசு. இவை பெரும்பாலும் வலி. "நல்லாத்தான் இருக்கு, நான் வந்தா வாலாட்டுதே" என்பீர்கள். நட்புக்கு யானையைத் தள்ளிவிட்டு நாயைத் தேர்ந்தெடுத்தது நாலடியார். யானை நெடுநாள் பழகிய பாகனையே கொல்லும். நாயோ எசமான் எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதும் வாலாட்டும் என்பது அது காட்டும் காரணம். விசுவாசத்துக்குச் சொன்ன அந்த உவமையை நான் இப்போது மருத்துவக் குறிப்பாகவே எடுத்துக்கொள்கிறேன். வால் ஆடுகிறது என்பதற்காக வேல் இல்லை என்று ஆகாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வலிக்கிறது என்று தெரிந்ததும் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள். பாரசிட்டமால், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் — நம் தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் விழுங்கும் மாத்திரைகள் நாயின் ஈரலையும் குடலையும் சிறுநீரகத்தையும் நாசமாக்கக் கூடியவை. "பாதிதான் கொடுத்தேன்" என்பது மருத்துவரிடம் சொல்ல உதவும், நாய்க்கு உதவாது.

நோய்க்குப் பெயர் தெரிந்த பிறகுதான் உண்மையான வேலை. அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் நடப்பதில்லை, வீட்டில் நடக்கிறது. மணிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தோலுக்கடியில் சலைன் ஏற்றச் சொன்னார்கள். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, பிடரித் தோலைக் கூடாரம்போல் தூக்கி ஊசியைச் செலுத்த வேண்டும். முதல் நாள் என் கை நடுங்கியதில் ஊசி மறுபக்கம் வந்து என் விரலில் குத்தியது. பன்னிரண்டு வருஷமாக "நாயைத் தொட்டா குளிக்கணும்" என்று விலகி இருந்த என் அம்மாதான் அன்று வந்து அவன் தலையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். பிறகு அது அவர் வேலையாகிவிட்டது. தோள்மேல் திமில்போல் எழும் மேடு மறுநாளைக்குள் வடிந்துவிடும், பயப்பட வேண்டாம். ஆனால் இதயக் கோளாறு உள்ள நாய்க்கு இதே நீர் ஆபத்து. எனவே எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு நாயின் அளவு உங்கள் நாய்க்கு ஆகாது.

சாப்பாட்டில் நம் பாசமே எதிரி. சிறுநீரகம் போன நாய்க்குப் பாஸ்பரஸ் ஆகாது; எலும்பிலும் ஈரலிலும் கருவாட்டிலும் அது நிறைய. "பாவம், ஆசையா பாக்குதே" என்று யாராவது ஒருவர் மேஜைக்கடியில் நீட்டிவிடுவார். எங்கள் வீட்டில் அந்த ஒருவர் என் கணவர். மருத்துவர் தரும் உணவுப் பட்டியலைக் குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டி வையுங்கள். பழைய உணவோடு கலந்து ஒன்றிரண்டு வாரத்தில் மெல்ல மாற்றுங்கள். சாப்பிட மறுத்தால் திட்டாதீர்கள். உதட்டை நக்கி எச்சில் ஒழுக விடுகிறதென்றால் அதற்குக் குமட்டுகிறது. குமட்டலுக்கு மருந்து உண்டு, கேட்டு வாங்குங்கள்.

கட்டி, புற்றுநோய் என்றதும் பலர் பேச்சையே முடித்துவிடுகிறார்கள். மனிதர்களின் கீமோதெரபியைப் பார்த்த பயம் அது. நாய்க்கு நோக்கமே இருக்கும் நாளைச் சுகமாக்குவது என்பதால் மருந்தின் அளவு குறைவு. பெரும்பாலான நாய்களுக்கு முடிகூடக் கொட்டுவதில்லை. கேட்டுவிட்டு மறுக்கலாம். கேட்காமலே மறுக்காதீர்கள்.

பணம். இதைப் பேசாமல் அறம் பேசுவது எளிது. "நாய்க்கா இவ்வளவு செலவு?" என்று கேட்கும் சொந்தக்காரர்களை நான் பொருட்படுத்துவதில்லை. ஆனால் குழந்தையின் பள்ளிக் கட்டணத்துக்கும் டிரிப்ஸுக்கும் நடுவே நிற்பவரிடம் எனக்குக் கண்டிக்க ஒன்றுமில்லை. முடிந்த தொகையை மருத்துவரிடம் முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் அரசுக் கல்லூரி மருத்துவமனைகள் உண்டு. விடிகாலையில் போய் வரிசையில் நிற்க வேண்டும், ஆட்டோக்காரரிடம் கெஞ்ச வேண்டும், அவ்வளவுதான். நோயை எதிர்க்க வசதியில்லை என்றால் வலியையும் குமட்டலையும் மட்டும் குறைத்து, வழுக்காத சாக்கு விரித்து, படுத்த படுக்கையானால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட்டுப் பார்த்துக்கொள்வதும் சிகிச்சைதான்.

மன்னிக்க முடியாதது ஒன்றுதான். "ஆள் நடமாட்டம் இருக்கிற இடமாப் பாத்துத்தான் விட்டுட்டு வந்தேன்" என்கிறார்களே, அது. கோயில் வாசலில், நெடுஞ்சாலை டீக்கடையில், கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-இன்படி பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் விலங்கைக் கைவிடுவது குற்றம். முதல்முறை அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய்வரை என்று எழுதிவைத்த சட்டம் அது. எனவே சட்டத்துக்குப் பயப்படச் சொல்லவில்லை. கண் மங்கி, காது மந்தமாகி, உங்கள் வாசனை ஒன்றையே ஊராகக் கொண்டிருக்கும் ஒன்றை அங்கே இறக்கிவிட்டு வண்டியைக் கிளப்ப எப்படிக் கை வருகிறது என்றுதான் கேட்கிறேன்.

மணி அதன்பின் பதினான்கு மாதம் இருந்தான். கடைசி இரண்டு மாதம் தினசரிக் காலண்டர் தாளில் நல்ல நாளுக்கு ஒரு கோடு போட்டு வந்தேன்: சாப்பிட்டானா, தானாக எழுந்தானா, வாசலுக்கு வந்தானா. நினைவை நம்பினால் நேற்று வாலாட்டியதே கண்முன் நிற்கும். தாள் அப்படி ஏமாற்றாது. கோடில்லாத தாள்கள் கூடத் தொடங்கியதும் மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். இன்னும் ஏற்றிக்கொண்டே போவது எனக்காகத்தான் என்று அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. அந்த முடிவுக்கு வர நேர்ந்தால் "நீங்களே பாத்துக்குங்க டாக்டர்" என்று வெளியே போய் நிற்காதீர்கள். முதலில் ஆழ்ந்த மயக்கம், பிறகுதான் மற்ற மருந்து. நீங்கள் கண்டு அஞ்சும்படி அங்கே ஒன்றும் இல்லை. அம்மாவும் உள்ளே வந்தார். அன்றும் தலை அவர் மடியில்தான்.

நாளைக்குப் போகிறீர்கள் அல்லவா? இன்றிரவு தண்ணீரை அளந்து ஊற்றி, மிச்சத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒருநாள் முழுக்க அளந்து ஒரு கிலோ எடைக்கு நூறு மில்லியைத் தாண்டினால் அது மிகை. ஆனால் அந்தக் கணக்குக்காகப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். ரத்தம் எடுப்பதற்கு முன் வெறும் வயிறாக வர வேண்டுமா என்று போனில் கேட்டுவிடுங்கள். சர்க்கரைக்கு ஊசி போடும் நாயானால் கட்டாயம் கேளுங்கள். தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள். காலையில் போகும் முதல் மூத்திரத்தைக் கழுவி உலர்த்திய கரண்டியில் பிடித்து, மூடியுள்ள டப்பாவில் ஊற்றி எடுத்துக்கொள்ளுங்கள். இதுவரை கொடுத்த மாத்திரைகளின் அட்டைகளையும், நீங்கள் பாதி உடைத்துக் கொடுத்தது உட்பட.