அரைப்பேர் போடாத பந்தி

தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு ‘அரைப்பேர்’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, அட்டைக்கடியையும் பனிக்குளிரையும் பொருட்படுத்தாது மலையேறி, மாலையில் தராசில் வைத்த கொழுந்து குறித்த நிறைக்குக் குறைந்துவிட்டால், அன்று முழுநாளும் உழைத்தவளுக்கு ஏட்டில் அரைநாட் சம்பளமே ஏறும். அம்மாயி தன் ஆயுளில் வாங்கிய அரைப்பேர்களுக்குக் கணக்கில்லை.

அந்தத் தராசு அவள் மனத்துக்குள்ளும் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை, ஹட்டனுக்குச் சற்று அப்பாலுள்ள ஒரு சிறிய மெதடிஸ்த ஆலயத்தில், திருவிருந்து நடந்த ஒரு ஞாயிறன்று அறிந்தேன். போதகர் அழைத்ததும் சபையார் எழுந்தனர், அவள் எழவில்லை. “நமக்கென்ன யோக்யதை இருக்கு சாமி? போன வாரம் பூரா லயத்துல சண்டை. நீ போ” என்றாள்.

யோக்கியதை முந்தியதா, விருந்து முந்தியதா என்பது பழைய வழக்கு. விசுவாசம் பூரணமாய் உறுதிப்படாதவர்கள் திருவிருந்தை அணுகாமல் மௌனமாய்க் காத்திருக்க வேண்டும் என்று லண்டன் பெட்டர்லேன் சங்கத்தில் சிலர் போதித்தபோது, ஜான் வெஸ்லி அதற்கு உடன்படாது 1740இல் அவர்களை விட்டுப் பிரிந்தார். அவ்விருந்து தேறியவர்களுக்கு அளிக்கும் சன்மானம் அன்று, தேடுகிறவர்களையும் மாற்றவல்ல கிருபையின் சாதனம் என்பது அவர் பக்ஷம். இதற்கு அவர் நெடுந்தூரம் போய்ச் சாட்சி தேட வேண்டியதில்லை. போதகரின் மகளாய்ப் பிறந்து, போதகரின் மனைவியாய் வாழ்ந்து, போதகர்களைப் பெற்றெடுத்த அவருடைய தாயார் சூசன்னா, தம் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்ற நிச்சயத்தை அடைந்தது 1739இல், எழுபதாம் பிராயத்தில், மருமகன் கிண்ணத்தை நீட்டிய அந்தக் கணத்தில்தான். அந்த அம்மையாருக்கே அத்தனை காலம் பிடித்ததென்றால், லயத்துச் சண்டையை நினைத்துத் தயங்கிய என் அம்மாயியைக் குறைகூற யாரால் இயலும்?

வெஸ்லியின் அழைப்பு பெரும்பாலும் ஞானஸ்நானம் பெற்ற ஒரு தேசத்தாரை நோக்கியது. ஒரே லயத்தின் ஒரு காம்பிராவில் மாரியம்மன் படமும் அடுத்ததில் சிலுவையும் தொங்குகிற எங்கள் மலைநாட்டிலோ ‘எல்லோரும் வாருங்கள்’ என்ற சொல் இன்னும் அகலமாகிறது. அகலமாவதே சரி என்பது என் அபிப்பிராயம். வருகிறவர்களை வடிகட்டும் காரியத்தை மற்றவர்கள் போதுமான அளவு செய்தாயிற்று. இலங்கை மெதடிஸ்த திருச்சபை சுயாதீனம் பெற்ற அதே 1964இல்தான், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் ஜனங்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தது.

ஆலயத்துக்குள் மட்டும் எல்லாம் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. கணக்கப்பிள்ளையும் கொழுந்து எடுப்பவளும் தோளோடு தோள் முழந்தாளிட்டு ஒரே அப்பத்தைப் புசித்துவிட்டு, ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், சிலருக்குப் பீங்கான் கோப்பையிலும் சிலருக்குத் தகரக் குவளையிலும் தேநீர் கொடுக்கப்பட்டதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். பந்திவஞ்சனை என்று நம்மவர்கள் அதற்கு ஒரு பெயரையே வைத்திருக்கிறார்கள். பெயர் வைக்கும் அளவுக்கு நமக்குப் பழகிப்போன பாவம் அது.

அடுத்த மாதம் அம்மாயி எழுந்தாள். யார் சொல்லியும் அன்று. சண்டையிட்ட அடுத்த காம்பிராக்காரி முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்து, “வாக்கா” என்றாள், அவ்வளவுதான். கொழுந்துக் கறை ஏறி வெடித்திருந்த உள்ளங்கையை அம்மாயி நீட்டினாள். அப்பத் துண்டு அதில் வெண்மையாய்த் தெரிந்தது.

மறுநாள் திங்கள். வழக்கம்போல் பிரட்டுக்குப் போனாள்; வழக்கம்போல் முதற்பிடிக் கொழுந்தைக் கூடையில் போடுகையில் “பொலி, பொலி” என்றாள். அதுவும் ஜெபந்தான் என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே உறைத்தது. அன்று மாலை அவளுக்கு விழுந்தது முழுப்பேரா அரைப்பேரா என்பது நினைவில் இல்லை.