தொலைபேசிக்கு ஒரு கூண்டு

பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் மாவட்டத்தில் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பண்ணைகளை ஒட்டிப் போனால், ஒரே ஓர் ஆள் நிற்கும் அளவுக்குச் சின்ன மரக்கூண்டுகள் தென்படும். தூரத்திலிருந்து பார்த்தால் கழிப்பறை மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது தொலைபேசி. பல இடங்களில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சில சேர்ந்து வைத்துக்கொண்டது. வீட்டுக்குள் தொலைபேசி கூடாது என்று 1910 வாக்கிலேயே அவர்கள் முடிவெடுத்துவிட்டார்கள். ஆனால் டாக்டரைக் கூப்பிட வேண்டும், மாட்டுத் தீவனத்துக்குச் சொல்ல வேண்டும். அதனால் அடியோடு விரட்டாமல் வெளியே குடிவைத்தார்கள். பேச நினைப்பவர் எழுந்து நடந்து போய்ப் பேச வேண்டும். அங்கே மணி அடித்தால் சாப்பாட்டு மேசைக்குக் கேட்காது.

நியூ ஜெர்சியில் இருக்கும் மகள் வீட்டிலிருந்து ஒரு ஜூலை சனிக்கிழமை கிளம்பிப் போனோம். ஸ்ட்ராஸ்பர்க், பேர்ட்-இன்-ஹேண்ட் என்று சின்னச் சின்ன ஊர்கள். ஆளுயரத்துக்கு மேல் மக்காச்சோளம், நடுநடுவே அகல இலை விரித்த புகையிலை. சாம்பல் நிறக் குதிரை வண்டிகள் சாலையோரமாகத் தடதடத்துப் போகின்றன. பின்னால் கார்கள் ஹாரன் அடிக்காமல் ஊர்கின்றன. சைக்கிள் ஊரைவிட்டு வெகுதூரம் இழுத்துப் போய்விடும் என்று, பிள்ளைகள் காலால் உந்தும் ஸ்கூட்டரில் போகிறார்கள். கொடியில் காயும் துணிகளில் பூப்போட்டது ஒன்றுகூட இல்லை. ஊதா, பச்சை, நீலம், கறுப்பு. பண்ணை வாசலில் கடை என்ற பெயரில் ஒரு மேசை: சோளக்கதிர், முலாம்பழம், தக்காளி, ஒரு காசுப்பெட்டி. விற்க ஆள் இல்லை. எடுத்துக்கொண்டு காசைப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். மகளிடம் பணம் முழுக்கச் செல்பேசிக்குள் இருந்ததால் என் மணிபர்ஸ் திறந்தது. ஞாயிறு விற்பனை கிடையாது என்று ஒரு பலகை.

ஆமிஷ்காரர்கள் எந்திரத்துக்கு விரோதிகள் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு அங்கே குழப்பம்தான் மிஞ்சும். பொதுக் கம்பியிலிருந்து வரும் மின்சாரம் இல்லை. ஆனால் டீசல் எந்திரம் அழுத்தித் தரும் காற்றில் தச்சுப்பட்டறை ஓடுகிறது, கேஸில் குளிர்பெட்டி ஓடுகிறது. வைக்கோல் கட்டும் எந்திரத்தில் எஞ்சின் இருக்கிறது. அதைக் கோவேறு கழுதைகள் இழுக்கின்றன. கேலி செய்வது சுலபம். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது.

பால் விஷயத்தைக் கேட்டால் சிரிப்பு நின்றுவிடும். 1960களின் இறுதியில் பால் கம்பெனிகள் ஒரு நிபந்தனை போட்டன: பாலைக் குளிரூட்டிய தொட்டியில் வைக்க வேண்டும், எந்திரத்தால் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் லாரி வரும். மறுத்தால் பிழைப்புப் போய்விடும். பேராயர்கள் கூடிப் பேசினார்கள். தொட்டிக்குச் சரி, டீசலில் குளிரூட்டலாம். கலக்கும் துடுப்பு பேட்டரியில் சுழலட்டும். ஞாயிறு லாரி மட்டும் முடியாது என்றார்கள். கம்பெனிகள் இறங்கிவந்தன. எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தவர்களின் பேரம் அது.

இந்த இடத்தில்தான் என் யோசனை நின்றது. படுக்கையறைக்குச் செல்பேசி கொண்டுபோகமாட்டேன் என்று நாம் தனியாகச் சபதம் போடுகிறோம். ஒரு வாரத்தில் அது தலையணைக்கடியில் இருக்கிறது. மனவுறுதி போதவில்லை என்று நம்மையே நொந்துகொள்கிறோம். ஆமிஷ்காரருக்கு நம்மைவிட மனவுறுதி அதிகம் என்று நான் நம்பவில்லை. தொழில் செய்பவர்கள் பலரிடம் இப்போது செல்பேசி இருக்கிறது, அது பற்றிய சச்சரவும் இருக்கிறது. ஆனால் அவர்களில் யாரும் தனியாளாக இதை எதிர்கொள்வதில்லை. சுமார் 30 குடும்பங்கள் சேர்ந்தது ஒரு சபை. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், திருவிருந்துக்கு முன்னால், சபையின் கட்டுப்பாடுகளை எல்லாரும் கூடி மறுபடி ஏற்றாக வேண்டும். பக்கத்து வீட்டிலும் அதே விதி என்பதால் இல்லாததை நினைத்து ஏங்க வேண்டியதில்லை.

அதற்கு அவர்கள் கொடுக்கும் விலை சின்னதல்ல. பெண்கள் போதகராக முடியாது. ஞானஸ்நானம் பெற்ற பின் விலகினால் சபை ஒதுக்கிவைக்கும். பெற்ற தாயோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதுகூடச் சிக்கலாகலாம். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் யோடர் வழக்கில் அதை அனுமதித்தது. நீதிபதி டக்ளஸ் மட்டும், பிள்ளைகளின் விருப்பத்தைக் கேட்க வேண்டாமா என்று மாறுபட்டு எழுதினார். நான் டக்ளஸ் பக்கம்தான். அன்று கார் ஓட்டிக்கொண்டிருந்த என் மகளை எட்டாவதோடு நிறுத்தச் சொல்லியிருந்தால் ஊரையே எதிர்த்திருப்பேன்.

ஆனாலும், பழைய காலத்தைப் பார்த்து மகிழவென்று ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் அங்கே போய், பை நிறைய ஜாம் வாங்கித் திரும்புகிற நமக்கு, அந்த விலையைக் கொடுக்காமல் அந்த நிதானம் மட்டும் வேண்டியிருக்கிறது. அது ஜாம் பாட்டிலோடு வராது. இதைச் சொன்னபோது மகள், “அம்மா, எங்க அடுக்குமாடியில எதிர்வீட்டுக்காரர் பேரே எனக்குத் தெரியாது. யாரோட கூடிப் பேசி முடிவெடுக்கறது?” என்றாள்.

வீட்டில் இருப்பது நாலு பேர். அவர்களோடு ஆரம்பிக்கலாமே என்றேன். ராத்திரிச் சாப்பாட்டில் பேச்செடுத்தோம்: சார்ஜர் எல்லாம் வாசல் பக்கம் செருப்பு அலமாரிக்கு மேலே. பேரன் உடனே எதிர்ப்புத் தெரிவித்தான். மருமகன் தலையாட்டிவிட்டு, “ஞாயித்துக்கிழமை ஆபீஸ்ல இருந்து கூப்பிட்டா என்ன பண்றது, அத்தை?” என்றார். பால் கம்பெனிக்காரர்களும் அதைத்தானே கேட்டார்கள் என்றாள் மகள். அவர் சிரித்தார், ஆனால் சம்மதிக்கவில்லை. பேச்சு இன்னும் நடக்கிறது.