முதற்காட்சியும் கண்ணோட்டமும்

மக்கள் வாழ்விலே மறக்கப்படாதன யாவை என வினவின், பலரும் கூறுவன தாம் முதன்முறை கண்டனவும் முதன்முறை செய்தனவுமேயாம். முதலிற் கண்ட கடல், முதலில் ஏறிய புகைவண்டி, முதன்முதல் வகுப்பறையுட் புகுந்து பிள்ளைகளின் முன் நின்ற நாள் என்னும் இவை ஆண்டுகள் பல சென்றும் மங்குவதில்லை. பின்னர் நூறுமுறை கண்டவை மறைந்துபோக, முதலிற் கண்டது மாத்திரம் நிலைபெறுவது எதனால்? இஃது ஒரு வினா. நம்மோடு எவ்வகைத் தொடர்பும் இல்லாத அயலார் ஒருவரை வழியிலோ வண்டியிலோ சந்தையிலோ நோக்கியிருத்தல் வீண்செயலா, குற்றமா, அன்றி ஓர் அறமா? இது மற்றொரு வினா. இவ்விரண்டும் வேறுவேறு போலத் தோன்றினும் ஒன்றோடொன்று பிணைந்தன என்பது நம் துணிபு. ஊவா மாகாணத்திலே நமக்கு நேர்ந்த ஓர் அனுபவத்தை முன்வைத்து அதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலே, பதுளைப் பகுதியிலுள்ள ஒரு தமிழ்ப் பாடசாலைக்கு ஆசிரியராக நியமனம் பெற்று யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டோம். மலைநாட்டை நாம் அதன்முன் கண்டதில்லை. பொல்காவலையில் இறங்கிக் காத்திருந்து, கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் இரவு வண்டியில் ஏறினோம். நமக்கு எதிரே முதிய அம்மையார் ஒருவர் அமர்ந்திருந்தார். அவர்தம் விரல்கள் கொழுந்தின் கறை படிந்து கறுத்திருந்தன. மடியிலே ஒரு சிறு துணிமூட்டை இருந்தது. அதனை மேற்றட்டில் வைக்கலாமே என்று அருகிருந்தோர் கூறியும் அவர் இசைந்திலர். கண்ணயர்ந்தபோதும் அதன்மேலிருந்து கையை எடுத்திலர். சேர்த்த பொருளை மூட்டையிற் கட்டிக் காக்கின்றார் என்றும், ஒருவரையும் நம்பாத இயல்பினர் என்றும் நாம் நம்முள்ளே முடிவு செய்துகொண்டோம். அம்முடிபு செய்தற்கு நமக்கு ஐந்து நிமிடமும் வேண்டியிருக்கவில்லை.

பொழுது புலர்ந்தபோது வண்டி பட்டிப்பொலையைக் கடந்து குகையினுட் புகுந்து மறுபுறம் வெளிப்பட்டது. ஊவாவின் மலைகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தாழ்ந்து விரிந்தன. அப்புத்தளையும் பண்டாரவளையும் கடந்து எல்ல நிலையத்தை விட்டு நீங்கிய பின்னர், அவ்வம்மையார், "நீங்க மாஸ்டருங்களா?" என்று வினவினார். ஆம் என்றோம். மூட்டையை அவிழ்த்தார். உள்ளே பொன்னுமில்லை, பணமுமில்லை. மடிப்புகளிற் கிழியத் தொடங்கிய சில தாள்களே இருந்தன. அவற்றுள் இரண்டை எடுத்து நம் கையிலே தந்து, "இதுல எம்பேரு சரியா இருக்குங்களா, ஐயா?" என்றார்.

நாம் மேலிருந்த தாளைப் படிக்கத் தொடங்கினோம். அவ்வேளையில் வண்டியிலிருந்தோர் பலரும் பலகணிப் பக்கம் எழுந்தனர். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தை வண்டி அணுகிற்று. அதனைப் பற்றிக் கேட்டிருந்தோமேயன்றிக் கண்டதில்லை. தாள்களின்மேல் ஒருமுறை கண்ணை ஓட்டி, "சரியாத்தான் இருக்கு, அம்மா" என்று மீளக் கொடுத்துவிட்டுப் பாலத்தைக் காணத் திரும்பினோம். அவர் தாள்களை முன்போல மடித்துக் கட்டி, தெமோதரையில் இறங்கி, நம்மை நோக்கிக் கைகூப்பி நின்றார்.

தெமோதரை நிலையத்தின் அமைப்பை அங்குச் சென்றோர் அறிவர். பதுளையை நோக்கிச் செல்லும் வண்டி அந்நிலையத்தை விட்டு நீங்கி, ஒரு குன்றைச் சுற்றி இறங்கி, அந்நிலையத்துக்கு நேர்கீழேயுள்ள குகையின் வழியாகவே செல்லும். அவ்வாறு குன்றைச் சுற்றும்போது, கீழிருந்த தாளிலே நாம் கண்ட எழுத்துக்கள் நம் நினைவில் எழுந்தன. அதிலிருந்த பெயர் மேற்றாளிலிருந்த பெயரன்று. கண் கண்டிருந்தது, கருத்து அதனை ஏற்றிலது. வண்டி குகையினுட் புகுந்தது. அவ்வம்மையார் நின்ற இடத்தின் கீழே நாம் கடந்து சென்றோம். மீள அவரைக் கண்டிலோம்.

அத்தாள்கள் யாவை என்பது அக்காலநிலையை நினைந்தால் விளங்கும். 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தோட்டத் தமிழருட் பெரும்பான்மையோர் நாடற்றவராயினர். 1949ஆம் ஆண்டுச் சட்டம் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற ஒரு வழி வைத்ததாயினும், இந்நாட்டில் இத்துணை ஆண்டு வாழ்ந்தோம் என்பதை ஆவணங்களால் நாட்டவேண்டுமென விதித்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாத்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோரென வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் செம்பாதியாக ஏற்பதென 1974ஆம் ஆண்டிலே முடிவாயிற்று. இத்துணை பெரிய எண்ணிக்கைகளின் நடுவே ஒரு முதியவரின் பெயர் இரண்டு தாள்களில் இரண்டு வகையாக இருப்பது சிறுபிழையன்று. வீடும் நாடும் அப்பெயரைப் பற்றியே நின்றன. அதனாலன்றோ அவர் இரவு முழுதும் மூட்டையின்மேல் வைத்த கையை எடாதிருந்தார்? எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கிய சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் நிறைவேறிற்று.

இனி முதல் வினாவை நோக்குவோம். முதற்காட்சி நிலைபெறுவதற்குக் காரணம், அப்பொழுது நம் மனத்திலே அதற்குரிய சொல் ஆயத்தமாக இல்லாமையேயாம். பழகிய பொருளைக் காணும்போது நாம் பொருளைக் காண்பதில்லை. அதற்கு முன்னரே இட்டுவைத்த பெயரைக் காண்கின்றோம். புதியதைக் காணும்போதோ பெயர் இல்லாமையாற் கண் முழுதும் விழிக்கின்றது. ஆன்மா தான் சார்ந்ததன் வண்ணமாம் என்று சித்தாந்தம் கூறுமன்றே! புதியதைச் சாரும்போது அது முழுவதும் அதன் வண்ணமாகின்றது. ஆதலின் அந்நிறம் போகாமல் நிற்கின்றது.

இது பற்றி முதற்காட்சியே உண்மையான காட்சியென்று சிலர் கருதுவர். அது பொருந்தாது. பாலத்தை நாம் முதன்முறை கண்டோம். அம்மையாரையும் முதன்முறையே கண்டோம். பாலத்துக்கு நம்மிடம் பெயர் இல்லை. ஆதலின் அதனை வியந்து கண்டோம். அம்மையார்க்கோ, காணுமுன்னரே, 'தோட்டத்துக் கிழவி' என்னும் பெயர் நம்மிடம் இருந்தது. ஆதலின் அவரைக் கண்டும் காணாதவரானோம். கல்லாலாகிய ஒன்று நமக்குப் புதிதாயிற்று. உயிருள்ள ஒருவர் பழையவராயினார். முதற்காட்சி கூர்மை தரும், நடுவுநிலைமை தருவதில்லை. அது முன்னமே உள்ளத்திற் கிடந்த தருக்கையும் கூர்மையாக்கிவிடும்.

பெரியபுராணத்திலே கண்ணப்பநாயனார் வரலாறு இதனைத் தெளிவிக்கின்றது. திண்ணனார் தம் முதல் வேட்டையிலே காளத்திமலை ஏறிக் குடுமித்தேவரை முதன்முறை கண்டார். அம்முதற்காட்சி அவரை முழுதும் கவர்ந்தது. நாள்தோறும் பூசிக்கும் சிவகோசரியாரோ இறைச்சியும் எலும்பும் சிதறிக் கிடத்தலைக் கண்டார், செய்தவரைக் கண்டிலர். தடயத்தைக் கொண்டே அவர் இன்னாரென முடிவு செய்து வருந்தினார். அதற்கு இறைவர் செய்தது யாது? கனவிலே தோன்றி, அவன் அன்பின் பெருமையை உரைத்தும், அவ்வளவில் அமையாது, மறைந்திருந்து அவன் செய்வதைப் பார் என்று பணித்தார். அந்தணர் மறைந்திருந்து அயலான் ஒருவனை நோக்கினார். ஆறாம் நாளிலே, அவ்வயலார் தம் கண்ணை இடந்து அப்பக் கண்டார். இதனால், முடிவு செய்தபின்னும் மீள நோக்குதல் வேண்டும் என்பதும், சொல்லிக் கேட்பதினும் இருந்து காண்பது ஒருவரை மாற்றும் என்பதும் பெறப்படும்.

ஆயின் அயலாரை உற்றுநோக்குதல் அவர்தம் மறைவினுட் புகுவதாகாதோ எனின், நோக்கின் வகையை ஆராய்ந்தே விடை கூறல் வேண்டும். குற்றம் தேடி நோக்குவது வேவு. வேடிக்கைக்காக நோக்குவது இழிவு. கணக்கிற்காக நோக்குவது வேறொன்று. அதனைத் தோட்டங்களின் வரலாறு நன்கு காட்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரின் கழுத்திலே எண் பொறித்த தகரத்துண்டைக் கட்டி, உரிய தோட்டத்துக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. கண்டோர் துண்டை நோக்கினர். முகத்தை நோக்கத் தேவையிருக்கவில்லை. தோட்டத்து மொழியிலே ஒருநாட் சம்பளத்துக்குப் 'பேர்' என்று பெயர். குறித்த அளவு கொழுந்து நிறுத்தார்க்கு முழுப்பேர், குறைந்தார்க்கு அரைப்பேர். வகுத்தவர் எக்கருத்தோடு வகுத்தனரோ, அச்சொல் நம்மைச் சுடுகின்றது. அன்று வண்டியிலே அவ்வம்மையார்க்கு நாம் இட்டதும் அரைப்பேரே.

இவ்வகை நோக்குகளுள் ஒன்றும் சான்றோர் விதித்த நோக்கன்று. அவர் விதித்தது கண்ணோட்டம். அச்சொல்லை இக்காலத்தார் கருத்து என்னும் பொருளில் வழங்கினும், கண்டோர்பால் கண் சென்று இரங்குதலே அதன் பழம்பொருள். திருவள்ளுவர் அதனை ஓர் அதிகாரமாக்கி, அரசனுக்குரிய பண்புகளின் நடுவே வைத்தார். அதிகாரம் உடையவர்க்கே அது மிகவும் வேண்டும் என்பது அவ்வைப்பினாற் புலனாகும். ஏட்டிலே பெயர் எழுதும் கோலை உடைய ஆசிரியர் அவ்வகையில் அதிகாரம் உடையவரேயாவர்.

மற்றொன்றையும் மறத்தலாகாது. நாம் அம்மையாரை நோக்கிய இரவிலே அவரும் நம்மை நோக்கியிருந்தார். நம் கையிலிருந்த நூலையும், பக்கத்திருந்த சிறுவனுக்கு நாம் எழுத்தைக் காட்டியதையும் கண்டே, இவர் ஆசிரியர், இவரை நம்பலாம் என்று துணிந்தார். நாம் அவரை ஐந்து நிமிடத்தில் அளந்து ஏமாந்தோம். அவர் நம்மை இரவு முழுதும் அளந்தும் ஏமாந்தார். ஆயின் அவருடைய நோக்கிலே பிழையில்லை, நம்மிடத்திலேதான் பிழை இருந்தது.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தைப் பகுதியிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்திலே மலைச்சரிவு லயங்களை மூடிற்று. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகளிற் சிலர், மீண்டபோது வீட்டையும் பெற்றோரையும் கண்டிலர். லயத்தில் வாழ்வோரை ஒருநாளும் எண்ணிப் பாராத பலர் அன்று தொலைக்காட்சியிலே அவர்களை முதன்முறை நோக்கிக் கண்ணீர் விட்டனர். அக்கண்ணீர் பொய்யன்று. ஆயினும் மண் மூடிய பின்னரே நோக்குவோமாயின், அந்நோக்கினால் மூடுண்டார்க்குப் பயன் யாது? பேரிடர் நம் கண்ணைத் திருப்பும்வரை காத்திராது, நாடோறும் வழியிற் காண்பாரை நோக்கப் பழகுதலே கடன்.

சைவ ஆசிரியர்காள்! ஒவ்வோராண்டும் முதல் நாளிலே, நாம் அறியாத முகங்கள் நம் முன் வந்து அமர்கின்றன. நமக்கு அது முப்பதாவது முதல் நாளாயிருக்கலாம். அங்கிருக்கும் பிள்ளைக்கு அதுவே முதல் நாள். அவன் வாழ்நாள் முழுதும் மறவாத காட்சியிலே நாமும் ஓர் உறுப்பாக நிற்கின்றோம் என்பதை எண்ணுக. அப்பிள்ளையின் பெயரை அவன் வாயாற் கேட்டு, பிறப்புச் சான்றிதழோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்புநோக்கி எழுதுக. பிழை காணின் பெற்றோரை அழைத்து, திருத்தும் வழியை எடுத்துரைக்க. பரீட்சை விண்ணப்பம் வரும்வரை காத்திருத்தல் வேண்டா. 'தோட்டத்துப் பிள்ளை', 'ஊர்ப் பிள்ளை' என்னும் பெயர்களை ஆசிரியர் அறையினின்றும் அகற்றுக. முதற் கிழமையிலே ஒரு பிள்ளையைப் பற்றி நாம் செய்த முடிவை, மூன்று மாதஞ் சென்றபின் நாமே எடுத்துப் பார்த்து, அது கண்டதனால் வந்ததா, கேட்டதனால் வந்ததா என்று ஆராய்க.

பிள்ளைகளையும் இவ்வாறு பழக்கலாம். பாடசாலைக்கு வரும் வழியிலே தாம் அறியாத ஒருவரைக் கண்டு, அவர் செய்த தொழிலையும் அதனைச் செய்த வகையையும் ஐந்து வாக்கியத்தில் எழுதச் சொல்க. எள்ளலும் இகழ்ச்சியும் அதிற் புகுதலாகாது. தெரியாததைத் தெரிந்ததாக எழுதுதலும் கூடாது. மறுநாள் அவரையே மீள நோக்கி, முன்னர் எழுதியதிலே திருத்தவேண்டுவன உளவோ என்று பார்க்கச் சொல்க. இப்பயிற்சியை நாம் பல்லாண்டு செய்வித்திருக்கின்றோம். திருத்தமின்றி வந்த தாள்கள் மிகச் சில.

1924ஆம் ஆண்டிலே பதுளையை அடைந்த அவ்விருப்புப்பாதையில் நாம் அதன்பின் எண்ணிறந்த முறை சென்றுவந்தோம். பாலம் இன்றும் அழகாகவே உள்ளது; எனினும் நம் மனத்தில் நிலைபெற்றது அப்பாலமன்று. தெமோதரை மேடையிலே, தம் பெயர் சரியாக உள்ளதென்னும் நம் சொல்லை நம்பிக் கைகூப்பி நின்ற அம்மையாரே நிலைபெற்றார். அவர்க்கு நாம் பட்ட கடனை அவரிடம் தீர்க்க வழியில்லை. நம் முன் வந்து பெயர் கூறும் ஒவ்வொரு பிள்ளையிடத்தும் சிறிது சிறிதாகத் தீர்த்து வருகின்றோம்.