ஏடிஸுக்கு விசா கொடுக்காதே!

சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பும் தம்பி, பெட்டி கட்டிவிட்டாய். ஊறுகாய், பருப்புப்பொடி, குலதெய்வக் கோயில் திருநீறு எல்லாம் உள்ளே போயாச்சு. உன் முதல் உன் உடம்புதானே? அதற்குக் காவலாக எதை எடுத்து வைத்தாய்?

“டெங்கு வரணும்னு இருந்தா வரும்” என்று மட்டும் சொல்லாதே. நீ புதுக்கோட்டைக்காரன்! 1991-இல் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது இந்த மாவட்டத்துப் பெண்கள், கல்குவாரியில் கல் உடைத்தவர்கள்கூட, ஊர் சிரிக்கச் சிரிக்கச் சைக்கிள் பழகினார்கள். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் துணை நின்றார். பெடலை மிதித்தது அவர்கள் கால். அந்த அம்மாக்களின் பிள்ளை, புகை மருந்து வண்டி எப்போது வரும் என்று திண்ணையில் காத்துக்கிடக்கலாமா?

எதிரியைத் தெரிந்துகொள். டெங்குவைப் பரப்பும், காலில் வெள்ளை வரி போட்ட ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். காலையிலும் பொழுது சாயும் முன்னும் வெறி அதிகம். சாக்கடை அதற்குப் பிடிக்காது. தண்ணீர் வராத நாளுக்கென்று நாம் ட்ரம்மிலும் சிமெண்ட் தொட்டியிலும் பிடித்து வைக்கிறோமே, அந்த நல்ல தண்ணீர்தான் அதன் பிரசவ அறை. கொட்டிக் கவிழ்த்தால் போதும் என்று நினைக்காதே. உள்சுவரில் ஒட்டிய முட்டை, காய்ந்தபின்னும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரத்துக்கு ஒரு நாள் பிரஷ்ஷை எடு, சுவரைத் தேய், மூடி போடு. நீ ஊரில் இல்லாதபோது யார் தேய்ப்பது என்பதையும் சொல்லிவிட்டுப் போ.

போகிற இடம் சுத்தமான நாடு என்று இறுமாந்துவிடாதே. கொசுப்புழு கண்டால் அபராதம் தீட்டும் சிங்கப்பூரிலேயே 2020-இல் 35,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. முழுக்கைச் சட்டை போடு. டீட் கலந்த களிம்பைக் காலையிலேயே தடவு. ராத்திரி கொசுவலை மட்டும் இந்தக் கொசுவுக்குப் பத்தாது.

டெங்குத் தடுப்பூசியா? ஜப்பானிய நிறுவனத்தின் கியூடெங்காவுக்கு இரண்டு டோஸ், நடுவே மூன்று மாதம். டிக்கெட் எடுத்தபின் யோசித்தால் நேரமிருக்காது. நம் நாட்டிலும் ஒரே டோஸ் ஊசிக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் (ஐசிஎம்ஆர்) பனேசியா பயோடெக் நிறுவனமும் 2024 ஆகஸ்ட்டில் மூன்றாம் கட்டப் பரிசோதனையைத் தொடங்கின. ஆனால் டெங்வாக்சியா என்ற முதல் ஊசி, டெங்குவே வராதவர்களுக்குப் போட்டால் பின்னால் நோய் கடுமையாகலாம் என்று 2017-இல் தெரிந்து, பிலிப்பைன்ஸ் தன் பள்ளித் தடுப்பூசித் திட்டத்தையே நிறுத்தியது. ஆகவே டாக்டரிடம், முன்பு டெங்கு வந்ததா என்பதை மறைக்காமல் சொல்லிக் கேள்.

ஊர் திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலா? எங்கிருந்து வந்தாய் என்று டாக்டரிடம் சொல். பாராசிட்டமால் மட்டும் போடு. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் தொடாதே, ரத்தக்கசிவு கூடும். காய்ச்சல் இறங்கிய அன்றே வேலைக்கு ஓடாதே. ஆபத்தான இரண்டு நாள் அப்போதுதான் தொடங்குகிறது. வயிறு வலித்தால், வாந்தி நிற்காவிட்டால், ஈறில் ரத்தம் கசிந்தால், விடியட்டும் என்று பார்க்காதே: ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு, அந்த ராத்திரியே!